கறுப்பு ஒயர் எங்கே போகிறது?

திங்கள்

பேட்டரி புதிது. ஆனாலும் சில காலைகளில் செல்ஃப் அடித்ததும் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. சில காலைகளில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. ராயப்பேட்டைப் பக்கம் ஒரு ஷெட்டுக்கு அந்த வண்டி வந்து சேர்ந்தது. இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. டிங்கரிங் முடிந்து, பெயின்ட்டும் முடிந்து பளபளவென்று நின்றது. முன்விளக்கு மட்டும் கோயில் மாடவிளக்கு அளவுக்குத்தான் எரிந்தது.

வண்டிக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. “பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி லைட் நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். எலக்ட்ரீஷியன் தலையாட்டினாரே தவிர பதில் சொல்லவில்லை. பிறகு கூட இருந்த பையனிடம், “சார் சொன்னதை ஞாபகம் வச்சிக்கோடா தம்பி” என்றார்.

செவ்வாய்

1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் 1961-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. வடிவம் கொடுத்தவர் ஜோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இன்ஜின் 948 சிசி. வண்டிகளுக்கு மின்சாதனம் செய்யும் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் சென்னையில் தொடங்கியதும் அதே 1961-இல்தான். ஜோசப் லூகாஸுக்கு ‘இருட்டின் இளவரசர்’ என்று பட்டம் கட்டிச் சிரிப்பது பழைய பிரிட்டிஷ் வண்டிப் பிரியர்களின் வழக்கம். அந்தக் கேலியில் பாதிதான் நியாயம். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால் மீதி யாருடைய குற்றம் என்று தெரியும்.

லூகாஸ் ஒயரிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. பழுப்பு, பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் கரன்ட் நிற்கும். சாவி போட்டபின் உயிர் பெறுவது வெள்ளை. அதே வெள்ளை பியூஸைத் தாண்டினால் பச்சை. நீலம் முன்விளக்குக்கு, சிவப்பு பார்க்கிங் விளக்குக்கு, கறுப்பு எர்த்துக்கு. இதை மனப்பாடம் செய்த ஆளுக்கு ஒயரிங் படம்கூடத் தேவைப்படாது. ஆனால் இந்த வண்டியின் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கியவற்றில் பாதிக்கு மேல் சிவப்பு. டேப் ரெக்கார்டருக்கு ஒருவர், ஃபேனுக்கு ஒருவர், எதற்கென்றே தெரியாமல் இன்னொருவர் என்று கையில் கிடைத்த ஒயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். டேப்பின் பசை உருகி, தூசி அப்பி, தொட்டால் விரலில் தார்போல ஒட்டுகிறது. இதற்கெல்லாம் பர்மிங்ஹாமில் இருந்த லூகாஸ் என்ன செய்வார்?

எலக்ட்ரீஷியன் பழைய ஒயர் கட்டின் மேல்சுற்றை ஒரு விரற்கடை அளவுக்கு பிளேடால் கீறி விலக்கினார். வெளியே எல்லாமே அழுக்குக் கறுப்பு. உள்ளே பழுப்பும் பச்சையும் நேற்று போட்டதுபோல இருந்தன. “ஃபேக்டரி ஒயர் நல்லாத்தான் இருக்கு சார். நடுவுல வந்தவங்களைத்தான் கழட்டணும்.”

மொத்தத்தையும் பிடுங்கிவிட்டுப் புது கிட் போடச் சொல்லி ஷெட்டுக்கு வந்த ஒருவர் யோசனை சொன்னார். சில வண்டிக்கு அதுதான் வழி. ரப்பர் உதிர்ந்து செம்பு தெரியும் ஒயரை வைத்துக்கொண்டு பழமை பேசக் கூடாது. இங்கே அந்த நிலை இல்லை.

புதன்

பேட்டரி ஏன் இறங்குகிறது? எலக்ட்ரீஷியன் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் ஒரு கேபிளைக் கழற்றி, அந்த இடைவெளியில் டெஸ்ட் லேம்பை மாட்டினார். எல்லாம் அணைந்திருக்கும்போது அது எரியவே கூடாது. எரியவில்லை. இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, மறுபடி மாட்டினார். இப்போதும் இல்லை. இடையில் டீ வந்தது.

டீக்குப் பிறகு இன்னொரு முறை ஓட்டி நிறுத்தியபோது பையன்தான் முதலில் பார்த்தான். “அண்ணே, சாவி கையில இருக்கு. இக்னிஷன் லைட் எரியுது!” மங்கலாக, ஆனால் சந்தேகமில்லாமல் எரிந்தது. டெஸ்ட் லேம்பை மாட்டினால் பளிச்சென்று வெளிச்சம். ரெகுலேட்டர் பெட்டியில் டைனமோ ஒயரைப் பிடுங்கியதும் இரண்டும் அணைந்தன.

அந்தப் பெட்டிக்குள் கட்-அவுட் என்று ஒரு காந்தச் சுவிட்ச் இருக்கிறது. டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியை மிஞ்சும்போது மூடிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் திறந்துகொள்ள வேண்டும். முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் கரன்ட் திரும்பிப் பாயும். ஒட்டுவதும் விடுவதுமாக இருந்ததால்தான் சில இரவுகளில் மட்டும் பேட்டரி காலியாகியிருக்கிறது. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒயரை மறுபடி வைத்துக் காட்டினார்: இன்ஜின் நின்றிருக்க, டைனமோ மட்டும் மோட்டார் மாதிரி தானே சுற்றியது. வங்கி அதிகாரி இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

பேட்டரியைத் துண்டித்துவிட்டு முனைகளைச் சுத்தம் செய்தார்கள். பையன் எமரி தாளை எடுத்து வந்தான். எலக்ட்ரீஷியன் வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். கட்-அவுட் முனை மென்மையான வெள்ளி. எமரியின் துகள் அதில் புதைந்துவிடும். மெல்லிய கண்ணாடித் தாளை நடுவில் செருகி மெதுவாக இழுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தார்.

வெள்ளி

இனி முன்விளக்கு. ஹெரால்டின் பானட் முன்பக்கக் கீலில் திறப்பது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் அதோடு சேர்ந்தே எழும். திறக்கும்போதெல்லாம் ஒயரும் மடங்கி நிமிர்கிறது. நசுங்கும் இடமும் அறுபடும் இடமும் பெரும்பாலும் அங்கேதான். ஆனால் ஒயர் அறுந்திருக்கவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால் கச்சிதமாக 12 வோல்ட். இந்த இடத்தில்தான் பலர் பல்பைக் குறைசொல்லி வேறு பல்ப் வாங்கப் போவார்கள். கரன்ட் ஓடாதபோது ஒற்றை இழைச் செம்பும் 12 காட்டும். லோடு கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஹெட்லைட்டின் கறுப்பு ஒயரிலும் மறுமுனையைப் பேட்டரியின் எர்த்திலும் வைத்தார். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 3 வோல்ட்டுக்கு மேல். 12-இல் 3 போனால் வெளிச்சம் கால்பங்கா குறையும்? பாதிக்கும் கீழே போய்விடும். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜைவிட வேகமாக விழும்.

கறுப்பு ஒயர் ஒரு ஸ்க்ரூவில் முடிந்தது. ஸ்க்ரூ பானட்டில். பானட்டிலும் ஸ்க்ரூவின் அடியிலும் வழவழவென்று புது பெயின்ட். இரும்பு உடம்பையே திரும்பும் பாதையாக வைத்திருக்கும் வண்டியில் பெயின்ட்காரர் எவ்வளவு அக்கறையாக வேலை செய்கிறாரோ அவ்வளவுக்குக் கரன்ட் தவிக்கும். கீலின் கிரீஸைத் தாண்டி, எஞ்சிய கீறல் வழியாகத்தான் அதுவரை ஏதோ கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது.

நாணய அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும் என்றதும் வங்கி அதிகாரியின் முகம் சுருங்கியது. “வெளியே தெரியாது சார்.” இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவினார். பானட்டிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு தடித்த எர்த் ஒயரும் இழுத்தார். மீட்டர் 0.2-க்கு இறங்கியது. எதிர்ச் சுவரில் இரண்டு வட்டங்கள் தெளிவாக விழுந்தன.

சனி

பிரேக்கை மிதித்தால் இடதுபுற இண்டிகேட்டரும் லேசாக எரிந்தது. இதற்கு மீட்டரே எடுக்கவில்லை. பின்விளக்குக் கூட்டை இறக்கினால் எர்த் முனையில் பச்சைக் களிம்பு. திரும்ப வழி கிடைக்காத கரன்ட் பக்கத்து பல்ப் வழியாகச் சுற்றிப் போயிருக்கிறது. அரை மணி நேர வேலை.

பழுப்பு ஒயரில் பியூஸ் இல்லை. அது எங்காவது உரசினால் மொத்தக் கட்டும் எரியும் என்பதால் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைக்கச் சொன்னார். வண்டிக்காரர் ஒப்புக்கொண்டார். ஸ்பீடோமீட்டர் விளக்கு இன்னும் எரியவில்லை. அதற்கு டேஷ்போர்டை இறக்க வேண்டும். சீட் தைத்து வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.