முதலியார் வினவியது

கிள்ளைக்கு அருகிலுள்ள சிதம்பரத்தில், 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராய் விளங்கியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அதற்கு நெடுங்காலம் முன்னர், 1880 இல், அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்தார். அவ்வூர்க்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஒரு நாள் காணச் சென்றார்.

எவ்வெந்நூல்கள் கற்றீர் என்று முதலியார் வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் வியப்பில்லை. இவற்றால் பயன் யாது, சிந்தாமணியும் மணிமேகலையும் போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்றார். பல்லாண்டு முயன்று கற்றவர்க்கு இதனினும் கசப்பான சொல் வேறுண்டோ!

ஐயர் சினந்திலர். சிந்தாமணிப் பிரதியைப் பெற்று, முதலியார்க்கே அதனைப் பாடஞ் சொல்லத் தொடங்கினார். விளங்காத இடங்களைச் சமணரிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887 இல் அந்நூல் உரையுடன் அச்சேறியது.