ரிச்சி தெருவில் ஒரு ‘கிர்ர்ர்’ சத்தம்!

சென்னை அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, அண்ணா சாலையில் கொஞ்சம் நடந்தால் ரிச்சி தெரு வந்துவிடும். ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகங்களுக்காகத் தேடி வந்த தெரு. இன்று லேப்டாப், சிசிடிவி கேமரா, செல்போன் சார்ஜர் என்று கண்ணைப் பறிக்கிறது. அந்த நெரிசலில் சிலர் மட்டும் பழைய அட்டைப்பெட்டியில் கனமான ஒன்றைச் சுமந்து வருவார்கள். உள்ளே இருப்பது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்.

“கம்ப்யூட்டரை மாத்தினோம்ணே. அன்னையிலேருந்து இது அசைய மாட்டேங்குது.” வருகிறவர் லாரி புக்கிங் ஆபீஸ்காரர் என்றால் முகத்தில் கவலை அதிகமாகவே இருக்கும். பில் போடாமல் லாரி கிளம்பாதே!

லேசர் பிரிண்டர் வாங்கினால் என்ன? அங்கேதான் விஷயம். இதில் ஊசிகள் ரிப்பனை அடிக்கின்றன. அந்த அடி கார்பன் வழியாக அடுத்தடுத்த தாள்களிலும் இறங்குகிறது. சரக்கு அனுப்பியவர், பெறுபவர், டிரைவர் மூவருக்கும் ஒரே அடியில் ஒரே கணக்கு. நாளை தகராறு வந்தால் அந்தத் தாள்தான் சாட்சி.

மெக்கானிக் முதலில் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. பிரிண்டரின் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போடுகிறார். ‘கிர்ர்ர்’ என்று வரிவரியாகத் தானே அச்சடிக்கிறது. “மெஷின் நல்லாத்தான் இருக்கு. வழிதான் அடைஞ்சிருக்கு.”

பழைய பிரிண்டரின் கேபிளுக்கு 25 பின் கொண்ட பேரலல் போர்ட் வேண்டும். புதிய கம்ப்யூட்டர்களில் அது இல்லை. ஆகவே ஒருமுனை யூஎஸ்பி, மறுமுனை 36 பின் உள்ள கேபிள் மாட்டப்படுகிறது. அப்படியும் விண்டோஸ் பிரிண்டரின் பெயரைக் கண்டுபிடிக்காமல் விழிக்கலாம். ‘ஆட் பிரிண்டர்’ போய், போர்ட்டை ‘யூஎஸ்பி001’ என்று கையால் காட்டி, ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கில பில் வந்துவிடும். ஆனால் தமிழ் வராது. இத்தகைய பிரிண்டர்களுக்குள் பெரும்பாலும் தமிழ் எழுத்துகள் கிடையாது. அவற்றைப் புள்ளிகளாலான படமாக அனுப்பும் டிரைவர் வேண்டும். பேப்பர் நீளத்தையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பில்லுக்குப் பில் வரி கீழே இறங்கிக்கொண்டே போகும்.

பில் போடும் சாஃப்ட்வேர் டாஸ் காலத்தது என்றால் இன்னொரு முடிச்சு. 64 பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே இல்லை. பிரிண்ட் வசதியுள்ள டாஸ் எமுலேட்டர் ஒன்றை ஏற்றித்தான் அதை ஓட்ட வேண்டும்.

எல்லாம் முடிந்து பேப்பர் நகர்கிறது. ஓரத்தில் துளையிட்ட தாளைக் கிழித்து எடுக்கும் புக்கிங் ஆபீஸ்காரர் முதல் தாளைப் பார்ப்பதே இல்லை. அடியிலுள்ள மூன்றாவது தாளை உருவி, வெளிச்சத்தில் பிடித்து, எண்களை விரலால் தொட்டுப் படிக்கிறார்.

“தெளிவா விழுந்திருக்குண்ணே!”

பெட்டி மறுபடியும் தோளில் ஏறுகிறது. ராத்திரி லாரிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.