எங்கள் வீட்டு வேட்பாளர்

1996 கோடையில் எங்கள் வீட்டில் ஒரு எம்.எல்.ஏ. வேட்பாளர் இருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் இருந்தார். மேட்டுக்காட்டு வீட்டில் அண்ணன், தம்பி இரண்டு பேருமே வேட்பாளர்கள். காலையில் பால் சொசைட்டியில் கேனோடு நிற்கிற வரிசையில் யார் வேட்பாளர், யார் வாக்காளர் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் அந்தத் தேர்தலில் நின்றவர்கள் மொத்தம் 1,033 பேர். இந்தியாவில் அதற்கு முன்னும் பின்னும் ஒரு தொகுதியில் அத்தனை பேர் நின்றதில்லை. அதில் எங்கள் அப்பாருவும் ஒருத்தர். அப்பாவுடைய அப்பாவை எங்கள் பக்கம் அப்பாரு என்போம்.

எனக்கு அப்போது முழுப்பரிட்சை லீவு. களத்தில் வேகவைத்த மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் காலால் தள்ளித் தள்ளித் திருப்பிப் போடுவது பிள்ளைகள் வேலை. பாதம் இரண்டும் மஞ்சளேறிக் கிடக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அந்தக் காலோடு திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பெரியவர்கள் பேசுவதைக் கேட்பேன். எல்லாப் பேச்சும் கடைசியில் இரண்டு இடத்தில் போய் நிற்கும். ஒன்று தண்ணீர், இன்னொன்று கரண்டு.

எங்கள் நிலம் கீழ்பவானிப் பாசனத்தில் ஒரு பகிர்மான வாய்க்காலின் கடைசி மடை. கடைமடைக்காரனுக்கு முறைத் தண்ணீர் என்பது காகிதத்தில் இருக்கிற சங்கதி. மேலே மடை திறந்து வைத்திருக்கிறவர்கள் குடித்தது போக மிச்சம் வந்தால் உண்டு. அதனால் கிணறுதான் கதி. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1990இலேயே வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் மூணு பேஸ் எப்போது வரும் என்பது கரண்டு ஆபீசுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். நடுச்சாமத்தில் வரும். அப்பாரு தலைமாட்டில் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு அரைத் தூக்கம் தூங்குவார். கூடத்துச் சுவரில் ஒரு குண்டு பல்பை எப்போதும் போட்டே வைத்திருப்பார்கள். அது பளிச்சென்று எரிந்தால் மூணு பேஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிணற்றுமேட்டுக்கு நடப்பார். பாம்பு, பூரான் எல்லாம் அவருக்குப் பழக்கமான ஒறம்பரைகள்.

அந்த மேல்துண்டு பச்சை நிறம். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துத் துண்டு. கடன் வசூலுக்கு ஜப்தி என்று ஜீப் வந்து இறங்கிய காலத்தில், சங்கத்தைக் கேட்காமல் அதிகாரிகள் யாரும் ஊருக்குள் நுழையக் கூடாது என்று எங்கள் ஊர் முகப்பில் போர்டு வைத்தவர்களில் அப்பாருவும் ஒருவர். எனக்கு நினைவு தெரிந்தபோது அந்தப் போர்டில் எழுத்து உதிர்ந்து தகரம் மட்டும் இருந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் அதன் காலில் ஆட்டைக் கட்டுவார்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்ததற்காக 1970 ஜூன் 19ஆம் தேதி பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகளைப் போலீஸ் சுட்டுக் கொன்றதை அப்பாரு சொல்லும்போது குரல் உயராது. மழை பெய்த தேதி சொல்வது போலச் சொல்வார். நாயுடு 1984இல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு சங்கம் துண்டு துண்டாகப் போனது. துண்டு மட்டும் பெட்டியில் இருந்தது.

ஓட்டுப் போடுவதை அப்பாரு ஒரு முறைகூடத் தவறவிட்டவர் அல்ல. காமராசருக்குப் போட்டிருக்கிறார், சூரியனுக்குப் போட்டிருக்கிறார், ரெட்டலைக்கும் போட்டிருக்கிறார். எல்லாரும் ஜெயித்த பிறகு ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், வாங்கிக்கொண்டு ‘பாத்துக்கலாமுங்க’ என்பார்கள். அந்த ‘பாத்துக்கலாமுங்க’வை அப்பாரு சொல்லிக் காட்டினால் திண்ணையே சிரிக்கும். கட்சி மாறினாலும் அந்த இழுவை மாறாது.

ஓட்டுப் போடாமல் புறக்கணிக்கலாம் என்றுதான் முதலில் பேச்சு வந்தது. ஒருத்தர் கேட்டார்: “நாம போடாட்டி அவனுக்கு என்னங்க நட்டம்? போட்ட ஓட்டுல எவனோ ஒருத்தன் ஜெயிச்சுட்டுப் போறான்.” அதற்கு யாரிடமும் பதில் இல்லை. அப்புறம் எப்படியோ அந்த யோசனை பரவியது. நிற்பதற்குத் தடை இல்லை. கட்டுத்தொகை 250 ரூபாய்தான். ஒரே ஒரு முன்மொழிபவர் போதும். ஆளாளுக்கு நின்றுவிட்டால்? தேர்தலை வேண்டாம் என்று சொல்லாமலே, ‘இந்தா வாங்கிக்கோ’ என்று திகட்டத் திகட்டக் கொடுத்துவிட்டால்? எவ்வளவு கோபத்தில் இருந்தால் இப்படி ஒரு குசும்பு தோன்றும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மஞ்சள் விற்ற காசிலிருந்து அப்பாரு எண்ணி எடுத்தபோது வாசற்படியிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

“ஏனுங்க, இருநூத்தம்பது ரூவாய வாய்க்கால்ல போடறக்கா எடுத்துட்டுப் போறீங்க? ஒரு மூட்டை யூரியா எடுத்துப் போட்டுட்டு, மிச்சத்துக்குப் புள்ளைகளுக்குக் கறியாச்சும் எடுக்கலாமுல்ல?”

“வாய்க்கால்ல தண்ணி இருந்தாத்தானே அதுல போட முடியும்” என்றார் அப்பாரு.

அப்பாருவுக்குப் பக்கத்துத் தோட்டத்து மாமா முன்மொழிந்தார். மாமாவுக்கு அப்பாரு. ஒரே டெம்போவில் அடைந்துகொண்டு போனார்கள். பொழுதோடு திரும்பி வந்தபோது எல்லார் முகத்திலும் கல்யாணத்துக்குப் போய்வந்த களை. வேட்பாளர்கள் அரசியல் சாசனத்துக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டுமாம். அப்பாரு அதைக் கைகட்டி நின்று, ஒரு எழுத்து விடாமல் படித்தாராம். உடன் போனவர்கள் கேலி செய்தார்கள். அவர் மட்டும் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. “சத்தியம்னா சத்தியந்தானே” என்று சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார்.

எங்களுக்கு, அதாவது பிள்ளைகளுக்கு, அது திருவிழா. ‘எங்க அப்பாரு எம்.எல்.ஏ. ஆனா உங்கூட்டுக்கு ரோடு போடமாட்டோம்’ என்று சண்டை போட்டுக்கொண்டோம். அப்பாருவுக்கு என்ன சின்னம் என்று கேட்டு நச்சரித்தேன். “எந்தச் சின்னமா இருந்தா என்ன கண்ணு, ஓட்டுக் கேக்கவா போறோம்?” என்றார். நிற்கிறவர் ஏன் ஓட்டுக் கேட்க மாட்டார் என்பது எனக்கு விளங்கவே இல்லை. ரஜினி டி.வி.யில் பேசிய தேர்தல் அது. மூப்பனாரின் சைக்கிள் சின்னம் புதுசாக வந்திருந்தது. ஊரெங்கும் ஒரே அலையாக இருந்தபோது எங்கள் வீட்டு வேட்பாளர் களத்தில் மஞ்சள் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஒரு கட்சிக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். எந்தக் கட்சி என்பது இப்போது வேண்டாம், வேறு கட்சி வந்திருந்தாலும் இதையேதான் பேசியிருப்பார்கள். வேட்பாளரிடமே ஓட்டுக் கேட்டு வந்த கூத்து அது. அப்பாரு கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். ஆத்தா மோர் கொண்டுவந்து கொடுத்தார். வந்தவர்களில் மூத்தவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, “மாமா, பெரியவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா? வாபஸ் வாங்கிக்குங்க. ஜெயிச்சு வந்ததும் மொத வேலை உங்க வாய்க்காலுதான்” என்றார்.

“கடைமடைக்குத் தண்ணி வந்த அன்னைக்கு வாபஸ் வாங்கிக்கறனுங்க மாப்ள.”

“அதுக்குள்ள வாபஸ் தேதி முடிஞ்சிருமுங்களே.”

“அப்ப நீங்க சித்தெ வெரசாத் தண்ணி உட்டுப்போடுங்க.”

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. திண்ணையில் இருந்தவர்கள் அந்தப் பேச்சை அடுத்த மாசம் பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்படிச் சிரிக்க நேரமும் இருந்தது. 1,033 பேரை ஒரு வாக்குச்சீட்டில் அடக்க முடியாமல் தேர்தல் கமிஷன் எங்கள் தொகுதிக்கு மட்டும் தேர்தலை ஒரு மாதம் தள்ளிவைத்தது. தமிழ்நாடு பூராவும் ஓட்டுப் போட்டு, எண்ணி முடித்து, ஜெயலலிதா பர்கூரிலேயே தோற்று, மே 13ஆம் தேதி கலைஞர் முதலமைச்சராகப் பதவியும் ஏற்றுவிட்டார். நாங்கள் இன்னும் ஓட்டுப் போடவில்லை. பந்தி முடிந்து இலையெடுத்த பிறகு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆனால் ரேடியோச் செய்தியில் மொடக்குறிச்சி என்று பெயர் வரும்போதெல்லாம் நான் மற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்க வைப்பேன். அதற்கு முன் எங்கள் ஊர்ப் பெயரை ரேடியோ சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியில் வாக்குச்சீட்டு புத்தகமாகவே வந்தது. அதை நான் பார்க்கவில்லை, ஆத்தா சொல்லித்தான் தெரியும். விரலில் மையோடு வேர்த்து விறுவிறுத்து வந்து திண்ணையில் சாய்ந்தார்.

“கணக்கு நோட்டாட்டம் ஒண்ணக் கையில குடுத்துப்போட்டாங்க கண்ணு. பொரட்டறேன் பொரட்டறேன், பேரு வந்துக்கிட்டே இருக்குது. பழனிசாமிங்கற பேரு மட்டும் எத்தன! எது நம்மூட்டுப் பழனிசாமின்னு எனக்கென்ன தெரியும்?”

எங்கள் பக்கம் பழனிசாமிகளுக்கும் சுப்பிரமணிகளுக்கும் என்றைக்கும் பஞ்சமில்லை. அப்பாருவும் ஒரு பழனிசாமிதான்.

தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. 158 பேருக்கு ஒரே ஒரு ஓட்டு. இதைப் படித்துவிட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு இப்போது அந்த 88 பேர் மேல்தான் மரியாதை அதிகம். தன் பெயருக்குத் தானே குத்திக்கொள்ளக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை. அல்லது பக்கத்துத் தோட்டத்து வேட்பாளருக்குக் குத்திவிட்டு வந்தார்கள். பதவி ஆசை கொஞ்சமும் இல்லாத வேட்பாளர்களை இந்த நாடு அப்படி மொத்தமாகப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அப்பாரு அந்த 88இல் இல்லை. அவருக்கு மூன்று ஓட்டு விழுந்தது. எங்கள் வீட்டில் ஓட்டு ஐந்து. ராத்திரி சாப்பாட்டின்போது அந்த இரண்டு யாருடையது என்று பெரிய விசாரணை. சித்தப்பா சூரியனுக்குப் போட்டிருப்பார் என்று எல்லாருக்கும் சந்தேகம். அவர் தட்டை விட்டுத் தலையே தூக்கவில்லை. ஆத்தா தான் எதில் குத்தினேன் என்று தெரியாது என்று சத்தியம் செய்தார். அப்பாரு கடைசியில், “எனக்கு நான் போடலீங்க, மாமனுக்குத்தான் போட்டேன்” என்றார். கணக்கு அப்புறமும் சரியாக வரவில்லை.

சரி, இவ்வளவும் எதற்கு? தண்ணீர் வந்ததா? அரசாங்கத்தின் காதில் விழுந்தது என்னவோ நிஜம். அதே வருஷம் ஆந்திராவில் நல்கொண்டா நாடாளுமன்றத் தொகுதியில் 480 பேர் நின்றார்கள். ஃப்ளூரைடு கலந்த தண்ணீரைக் குடித்து எலும்பு வளைந்துபோனவர்களின் ஊர் அது. கர்நாடகத்தில் பெல்காமில் 456 பேர். மூன்று ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஆனால் எல்லாருக்கும் ஒரே யோசனை. தில்லி விழித்துக்கொண்டது. அந்த ஆகஸ்டிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்றத்துக்குக் கட்டுத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய். நாடாளுமன்றத்துக்கு 500 ரூபாயிலிருந்து 10,000. சுயேச்சை என்றால் முன்மொழிய பத்துப் பேர் வேண்டும். வாசலில் கூட்டமாக வந்து கத்துகிறார்கள் என்றதும், என்ன கத்துகிறார்கள் என்று கேட்காமல் கதவை உயரமாகக் கட்டிவிட்டார்கள். பிறகு அதையும் 10,000, 25,000 என்று ஏற்றினார்கள். தேர்தல் நடத்துகிறவர்களுக்கு அதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், புத்தகம் அச்சடித்து எந்த ஊரில் ஓட்டு நடத்துவது? ஆனால் கடைமடைப் பேச்சு எந்தத் திருத்தத்திலும் இல்லை.

சட்டத்திருத்தச் செய்தியைப் பேப்பரில் வாசித்துக் காட்டியது நான்தான். அப்பாரு முழுசாகக் கேட்டார். “அய்யாயிரமா?” என்று ஒரு தரம் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அரசியல் பேச்சு வந்தால் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். ஓட்டுப் போடப் போவது மட்டும் நிற்கவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், “செத்தவன் ஓட்டையே போட்டுப்போடறானுக, உசுரோட இருக்கறவன் ஓட்ட உடுவானுகளா?” என்பார்.

அப்பா வேறு ரகம். அவருக்குத் திட்டக்கூட மனம் வராது. உச்ச நீதிமன்றம் சொல்லி 2013இல் நோட்டா வந்தபோது நான் சந்தோஷமாகச் சொன்னேன். “அது ஜெயிச்சா என்ன ஆகும்?” என்றார். ஒன்றும் ஆகாது, அடுத்தபடி ஓட்டு வாங்கினவர் எம்.எல்.ஏ. ஆவார் என்றேன். “அப்ப அதுக்கு எதுக்கு ஒரு பொத்தான்?” என்று கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார். கவர் கொடுக்க வருகிறவர்களை அவர் திட்டி அனுப்புவதுமில்லை, வாங்கிக்கொள்வதுமில்லை. “வெச்சுட்டுப் போனா நாய் தூக்கிட்டுப் போயிருமுங்க” என்பார்.

2021இல் ஓட்டுப் போட நானும் ஊருக்குப் போயிருந்தேன். அன்றைக்கு நின்ற அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் அந்த முறையும் நின்றார், பா.ஜ.க. வேட்பாளரிடம் 281 ஓட்டில் தோற்றார். வாக்குச்சாவடியில் புத்தகமும் இல்லை, புரட்டலும் இல்லை, பீப் என்று ஒரு சத்தம், முடிந்தது. திரும்பி வரும் வழியில் யாருக்குப் போட்டீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

“அத எதுக்குக் கேக்கற இப்ப? மோட்டாருச் சத்தத்தையே காணோம், மூணு பேஸ் போயிருச்சாட்ட இருக்குது. வெரசா வண்டிய எடு.”