சின்னஞ்சிறு சாரீரம்

சங்கீதத்துக்குச் சாரீரம் முக்கியமா, சாரீரத்துக்குள்ளே இருக்கும் மனம் முக்கியமா? இந்தப் பழைய வழக்கை ரஸிகர்கள் சபா வாசல்களில் நெடுநாளாக நடத்தி வருகிறார்கள். அந்த வழக்கில் சாட்சி சொல்ல அமெரிக்கப் பாடகி பில்லி ஹாலிடேயை அழைக்க வேண்டும் என்பது நமது யோசனை.

1915-ல் பிறந்த இந்தக் கறுப்பரினப் பெண்மணி பால்டிமோர் நகரில் வறுமையிலே வளர்ந்தார். முறையாகச் சங்கீதம் கற்றவரல்லர். ஸ்வரக் குறிப்புப் படிக்கவும் தெரியாது. லூயி ஆம்ஸ்ட்ராங், பெஸ்ஸி ஸ்மித் ஆகியோரின் இசைத்தட்டுக்களே அவருக்குக் குரு. நியூயார்க்கில் ஹார்லெம் பகுதி விடுதிகளில் பாடிக் கொண்டிருந்தவரை ஜான் ஹாம்மண்ட் என்ற ரஸிகர் கண்டுபிடித்தார். 1933-ல், பதினெட்டாவது வயதில், பென்னி குட்மன் கோஷ்டியுடன் முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

குரலோ மிகச் சிறியது. ஒரு ஸ்தாயிக்குச் சற்று அதிகமாகத்தான் எட்டும். 1935 முதல் டெட்டி வில்ஸன் என்ற பியானோ வித்வானுடன் பாடிய தட்டுக்களில் பல பாட்டுக்கள் சாமான்யமானவை. ஆனால் அவற்றை நாம் கேட்கும்போது நடப்பது வேறு. தாளம் முன்னே போய்விடுகிறது. சொல் அவசரப்படாமல் பின்னே வருகிறது. அந்த இடைவெளியில் நம் மனம் தவித்துப் போகிறது. எழுதினவர் நினைத்தே பாராத அர்த்தம் அந்தச் சாமான்யப் பாட்டுக்கு வந்துவிடுகிறது. மனோதர்மம் என்று நாம் சொல்வது இதைத்தானே?

1938-ல் ஆர்ட்டி ஷா என்ற வெள்ளையரின் வாத்திய கோஷ்டியில் சேர்ந்தார். நியூயார்க் ஹோட்டல் ஒன்றில், கோஷ்டியின் பாடகியான அவரை முன்வாசல் வழியே விடவில்லை. சாமான் ஏற்றும் லிப்டில் போகச் சொன்னார்கள். அவருடைய பாட்டு மட்டும் எல்லாருக்கும் வேண்டியிருந்தது! அவ்வருஷத்திலேயே கோஷ்டியை விட்டு விலகினார்.

இதற்கு மறுமொழியைப் போல அமைந்தது 1939-ல் அவர் பாடிய ‘ஸ்ட்ரேஞ்ச் புரூட்’. தென் மாகாணங்களில் கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைச் சொல்லும் அப்பாட்டை இயற்றியவர் ஏபெல் மீரோபோல் என்ற உபாத்தியாயர். வெள்ளையரும் கறுப்பரும் சமமாக உட்கார்ந்த ‘கபே சொஸைட்டி’யில் அவர் அதைப் பாடும்போது, பரிமாறுவதை நிறுத்துவார்கள், விளக்குகளை அணைத்து, அவர் முகத்தில் மட்டும் ஒளி விழச் செய்வார்கள். வழக்கமாக அவர் பாடிய கம்பெனி அதைப் பதிவு செய்ய மறுத்தது. கமடோர் என்ற சிறு கம்பெனி துணிந்து வெளியிட்டது. தட்டின் மறுபுறத்தில் இருந்தது ‘பைன் அண்ட் மெல்லோ’ - பில்லி தாமே இயற்றிய பாட்டு.

பிறர் பாட்டைத் தமதாக்கியவர் தம் பாட்டையும் இயற்றியதில் வியப்பில்லை. 1941-ல் பதிவான ‘காட் பிளெஸ் த சைல்ட்’, ஆர்தர் ஹெர்ஸாக் என்பவருடன் சேர்ந்து இயற்றியது. பணத்துக்காகத் தாயுடன் நேர்ந்த மனஸ்தாபத்திலே அது பிறந்ததாக அவருடைய சுயசரிதை சொல்லுகிறது. கையில் சொந்தக் காசு இல்லாதவரை உறவும் கைவிடும் என்ற கசப்பை அதில் தாலாட்டைப் போல மிருதுவாகப் பாடியிருக்கிறார்.

பின்னால் வந்த துன்பங்கள் பல. 1959-ல், 44-ஆம் வயதில் காலமானார். அவருடைய இளமைக் காலத் தட்டுக்களோ இன்றும் பேசுகின்றன. “நம் பெண்ணுக்குச் சாரீரம் போதாது” என்று பாட்டு வாத்தியாரை நிறுத்த எண்ணும் பெற்றோர்கள், அதற்கு முன் அவற்றில் ஒன்றையாவது கேட்டுவிட வேண்டும்.