சக்கரக் குறிப்புகள்

டயர் கழற்றும் மெஷினில் பையன் சக்கரத்தைப் படுக்க வைக்கிறான். வால்வு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்கிறான். அதன் அடியில் காற்றழுத்த சென்சார். நெம்பும்போது கம்பி அதில் பட்டால் போச்சு.

தீப்பெட்டியை விடச் சின்னது. பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். பேட்டரி பிசினுக்குள். ஏழெட்டு வருஷம் வரும். தீர்ந்தால் பேட்டரி மட்டும் மாற்ற வழியில்லை, மொத்தமும் புதுசு.

வண்டி நின்றால் அதுவும் தூங்கும். சக்கரம் சுழல்வதை உணர்ந்து விழிக்கும். ஓடும்போது ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு சேதி. காற்று மளமளவென்று இறங்கினால் மட்டும் காத்திருக்காமல் உடனே.

சேதி போகும் அலைவரிசை இந்தியாவில் 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் பெரும்பாலும் 315.

ஒவ்வொரு சென்சாருக்கும் தனி எண். சேதியோடு அந்த எண்ணும் போகும். 2010-ல் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓடும் காரின் சேதியை நாற்பது மீட்டர் தள்ளியிருந்து படித்துக் காட்டினார்கள். பூட்டு எதுவும் இல்லை. போலிச் சேதி அனுப்பி, நல்ல டயருக்கு டாஷ்போர்டு எச்சரிக்கை விளக்கை எரியவும் வைத்தார்கள்.

ஆக, காருக்கு நம்பர் பிளேட் ஆறு.

விளக்கு எப்போது எரிய வேண்டும்? அமெரிக்க விதிப்படி, குறித்த அளவில் 25 சதவீதம் இறங்கினால். 33 பிஎஸ்ஐ டயர் என்றால் 25-க்குப் பக்கத்தில். 28-ல் வாய் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

விதி வந்த வழி: ஃபயர்ஸ்டோன் டயர், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர், கவிழ்ந்த வண்டிகள். 2000-ல் ட்ரெட் சட்டம். 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும்.

இந்தக் கருவி முதலில் வந்தது 1986-ல், போர்ஷே 959-ல். அந்தக் காரின் சக்கர ஆரங்கள் உள்ளீடற்றவை. டயர் காற்று ஆரத்துக்குள்ளும் நிற்கும். ஸ்டெப்னி கிடையாது.

காற்றையே பார்க்காத வகையும் உண்டு. ஏபிஎஸ்ஸுக்காக ஏற்கெனவே இருக்கும் வேக சென்சார்களே அதற்குப் போதும். காற்று குறைந்த டயர் கொஞ்சம் சப்பையாகி உருளும். மற்ற மூன்றையும் விட ஒரு மயிரிழை வேகமாகச் சுற்றும். அந்த மயிரிழையைத்தான் கம்ப்யூட்டர் எண்ணுகிறது.

நாலும் சேர்ந்து ஒரே அளவு இறங்கினால்? புதியவை சக்கரத்தின் அதிர்வையும் சேர்த்துக் கவனிக்கின்றன. பழையவற்றுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் காற்றே பிடிக்காதவர் வண்டியில் நாலும் சேர்ந்துதான் இறங்கும்.

இந்த வகைக்கு ஒரு செட் பட்டன் உண்டு. காற்று பிடித்த கையோடு அழுத்த வேண்டும். அந்த நேரம் என்ன இருக்கிறதோ அதுவே சரி என்று எடுத்துக்கொள்ளும்.

விளக்குத் தொல்லை தாங்காமல், காற்று பிடிக்காமலே பட்டனை அழுத்துகிறவர்கள் உண்டு.

மதுரையில் 35 டிகிரியில் 33 பிடித்துக்கொண்டு கொடைக்கானல் ஏறினால்? மேலே 18 டிகிரி. குளிரில் டயர் அழுத்தம் இரண்டரை குறையும். ஆனால் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மெலிவு. அதனால் கேஜ் மூன்று கூட்டிக் காட்டும். கூட்டிக் கழித்தால் முள் கிட்டத்தட்ட அதே 33-ல்.

சென்சார் அளப்பது உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை. வண்டி மலை ஏறியது கம்ப்யூட்டருக்குத் தெரிந்தால் கணக்கைத் திருத்திக்கொள்ளும். தெரியாவிட்டால் 30 என்று சொல்லும்.

ஒரே டயர். இரண்டு பதிலும் பொய்யில்லை.

ஏபிஎஸ் வேக சென்சார் பல கார்களில் படிப்பது ஹப் பேரிங்கை. ஒரு முகத்தில் காந்தப் பட்டை, வடக்கு தெற்கு வடக்கு தெற்கு என்று சுற்றிலும் மாறி மாறி. கண்ணுக்கு வெறும் கறுப்பு சீல்தான். திருப்பிப் போட்டு இறக்கிவிட்டால் சக்கரம் நன்றாகவே ஓடும், ஏபிஎஸ் விளக்கு மட்டும் அணையாது. விவரம் தெரிந்த மெக்கானிக் இறக்குமுன் குண்டூசியைக் கிட்டே கொண்டுபோகிறார். ஒட்டுகிற பக்கம்தான் சென்சார் பக்கம்.

லட்ச லட்சமாய் விலை போகும் கார். குண்டூசி.

இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தை விட 9.4 மீட்டர் கூடுதலாக ஓடும். வட்டம் சின்னதா பெரிசா என்பது பொருட்டே இல்லை. தெருமுனை ரவுண்டானாவுக்கும் 9.4. சென்னையையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலும் 9.4.

கணக்கு சரி. மனசுதான் ஒப்பவில்லை.

கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. அரை வட்டம் திரும்பும் வளைவு என்றால் ஒவ்வொன்றுக்கும் 4.7 மீட்டர் வித்தியாசம். இடப்பக்கம் ஒரு வளைவு, வலப்பக்கம் ஒரு வளைவு. உச்சிக்குப் போய்ச் சேரும்போது இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே தூரம் ஓடியிருக்கும்.

இந்த மீட்டர்களைச் சமாளிக்கத்தான் டிஃபரென்ஷியல். பிரான்ஸில் ஒனெசிஃபோர் பெக்கூர், 1827, நீராவி வண்டிக்காக. இரண்டு பக்கமும் ஒரே முறுக்கு, வேகம் மட்டும் அவரவர் இஷ்டம். சேற்றில் மாட்டினால் குட்டு வெளிப்படும். மாட்டிய சக்கரம் பேயாய்ச் சுழலும், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் வேடிக்கை பார்க்கும்.

இப்போது சுழலும் சக்கரத்தை மட்டும் ஏபிஎஸ் பிரேக் போட்டுப் பிடித்துவிடுகிறது. மற்றது இழுக்க ஆரம்பிக்கும்.

திரும்பும்போது முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்புவதில்லை. உள் சக்கரம் கொஞ்சம் அதிகம். இந்த ஏற்பாடு 1817-ல் மியூனிக் குதிரை வண்டி தயாரிப்பாளர் லாங்கென்ஸ்பெர்கர் செய்தது. லண்டனில் அவருடைய ஏஜென்டாக 1818-ல் காப்புரிமை வாங்கியவர் ஆக்கர்மன். பெயர் ஏஜென்டுக்கு.

ஆக்கர்மன் படம் அச்சிட்டு விற்றவர். கடற்படைத் தளபதி நெல்சனின் சவ ஊர்வல வண்டியை வடிவமைத்தவரும் அவரே.

திரும்பும் சக்கரத்துக்கு இன்ஜினின் சுழற்சியைக் கொண்டுசேர்க்கும் சி.வி. ஜாயின்ட்டுக்குள் ஆறு குண்டுகள். ஆல்ஃபிரட் ஜெப்பா, 1920-கள். சக்கரம் திரும்பியிருந்தாலும் சுழற்சி குலுங்காமல் போய்ச் சேரும். வெளியே மடிப்பு மடிப்பாய் ஒரு ரப்பர் பூட். அது கிழிந்தால் முதல் அடையாளம் சத்தம் இல்லை. ரிம்மின் உட்பக்கம் கறுப்பாய்த் தெறித்த கிரீஸ். சத்தம் பிறகுதான், முழுசாய் ஒடித்துத் திருப்பும்போது டக் டக் டக்.

ரிம்மின் உட்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்.

பவர் ஸ்டியரிங்கில் எண்ணெய் போய் மோட்டார் வந்தது 1988-ல், சுஸுகி செர்வோ. ஸ்டியரிங் தண்டின் நடுவே மெல்லிய முறுக்குக் கம்பி. கை திருப்பியதும் அது இம்மியளவு முறுகும். எவ்வளவு முறுகியது என்று பார்த்து மோட்டார் உதவிக்கு வரும். முறுகாவிட்டால் உதவி இல்லை.

லேனை விடாமல் காக்கும் கார்கள் பலவற்றில், கை ஸ்டியரிங்கில் இருக்கிறதா என்று கேட்பதும் இதே கம்பியிடம்தான். 2018-ல் ஒரு டெஸ்லாக்காரர் ஸ்டியரிங்கில் ஆரஞ்சுப் பழத்தைச் செருகி வைத்து ஓட்டிய வீடியோ பரவியது. பழத்தின் எடையும் கம்பியை முறுக்கும்.

சாலை நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். வண்டி ஓரத்துக்கு இழுக்கும். நாள்பூரா ஒரே பக்கம் பிடித்து ஓட்டினால் தோள் வலிக்கும். அதற்கும் மருந்து வந்துவிட்டது. இழுப்பு எந்தப் பக்கம் என்று கற்றுக்கொண்டு, மோட்டாரே எதிர்ப்பக்கம் மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கும். கைக்கு எதுவும் தெரியாது.

ஒரு முன்டயரில் காற்று குறைந்தாலும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

2013, இன்ஃபினிட்டி க்யூ50. ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒயர்தான். பயத்துக்கு ஒரு தண்டும் கிளட்ச்சும் வைத்திருந்தார்கள். டெஸ்லா சைபர்ட்ரக்கில் அதுவும் இல்லை. சாலையின் கனத்தை ஒரு மோட்டார் கைக்கு நடித்துக் காட்டுகிறது.

1946, மிஷலின் ரேடியல் டயருக்குக் காப்புரிமை கேட்டது. அதே 1946, திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்ய ஒரு பட்டறை. பின்னால் எம்.ஆர்.எஃப்.

2020-ல் இந்திய அரசு விதியைத் திருத்தியது. காற்று காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால், மூன்றரை டன் வரையான வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. கிட்டில் இருப்பது பசைத் திரவம். வால்வு வழியாக உள்ளே விட வேண்டும். சில சமயம் சென்சாரின் துளையையும் சேர்த்து அடைத்துவிடும்.

ஸ்டெப்னி உள்ள வண்டிகளில், பெரும்பாலும் ஸ்டெப்னிக்குச் சென்சார் இல்லை.

விளக்கு இரண்டு விதமாய் எரியும். காற்று குறைந்தால் நின்று எரியும். கருவியே பழுதென்றால் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் சிமிட்டிவிட்டு, அப்புறம் அதுவும் நின்று எரியும். சாவி போட்டதும் சீட் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தால் சிமிட்டல் போய்விடும். காற்றா கருவியா என்று பங்க்குக்குப் போய்க் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.