தொலைவைப் பதிவு செய்தல்

ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்வது என் தொழில். கோத்தகிரியும் கோவையும் ஒரே படத்தில் அடுத்தடுத்து வந்தால், மைக்கை மாற்றுவதற்கு முன் காதை மாற்றியாக வேண்டும்.

சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையிலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கும் கோத்தகிரிக்கு ஏறுகிறோம். வளைவுகளில் அடைத்துக்கொண்ட காது எச்சில் விழுங்கினால் திறந்துவிடும். பஸ் எஞ்சின் இரைச்சலில் மரத்துப்போன செவி அவ்வளவு சீக்கிரம் தெளியாது. அதனால் இறங்கியதும் நான் கருவியைத் திறப்பதில்லை. தேயிலைத் தோட்டத்து ஓரமாக நடந்து, சில்வர் ஓக் இலைகள் அசைவது காதில் விழுந்த பிறகுதான் ஹெட்போன் மாட்டுவேன்.

மலையூர் நிசப்தமானது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதிர்ச்சரிவில் கேளையாடு குரைக்கும். சோலைக்குள் நீலகிரிச் சிரிப்பான் கத்தும். பள்ளத்து ஊரில் யாரோ யாரையோ கூப்பிடுவார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். விடியுமுன் இது இன்னும் துலக்கமாக இருக்கும். குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி அதற்கு மேலே வெப்பமான காற்று நிற்கும்போது, மேலெழும் ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. வெயில் ஏறியதும் அது மேல்நோக்கி வளைந்து நம்மை விட்டுப் போய்விடும். ஆகவே கோத்தகிரியில் என் வேலை நேரம் இருட்டில்தான். தூரத்து ஒலிகளைப் பிடிக்க ஒலிப்பெருக்கத்தை, அதாவது கெயினை, ஏற்றினால் மைக்கின் சொந்த ‘உஸ்’ஸும் என் சட்டை உரசலும் கேட்கும். மைக்கை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு விலகிப் போய்விடுவேன்.

கோவையின் காந்திபுரம் பஸ் நிலையத்தில் காது எட்டுகிற தூரம் சில அடிதான். அதற்கு அப்பால் எல்லாம் ஒரே சுவர். அங்கே மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஆளின் வாயருகே போக வேண்டும். இடைவெளி பாதியானால், திறந்த வெளியில் ஏறக்குறைய 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். அந்தச் சுவரையும் பிளக்கத் தெரிந்தவர்கள் உண்டு. ‘திருப்பூர், திருப்பூர்’ என்று கூவும் நடத்துநரைக் கேளுங்கள். வண்டிகளின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் கிடக்கிறது; அவர் குரலை அதற்கு மேலே ஏற்றி, கடைசி எழுத்தை இழுத்து விடுகிறார். யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். என் மனத்தில் அவரும் ஒரு தேர்ந்த ஒலிக் கலைஞர்.

படம் மிக்ஸிங்குக்கு வரும்போது இயக்குநர்கள் மலைக் காட்சியின் ஒலியை அறவே குறைக்கச் சொல்வார்கள். நகரத்தை ஏற்றச் சொல்வார்கள். நான் விடாமல் வாதாடுவேன். மலைக்குத் தேவை தூரத்துக் குரல்கள். தொழிற்சாலை இரைச்சலையும் சேர்த்தே வையுங்கள். நகரத்தை ஏற்ற வேண்டாம்; தூரத்து ஒலிகளை எடுத்துவிட்டு, நடத்துநரின் குரலை மட்டும் பார்வையாளரின் தோளருகே கொண்டு வாருங்கள்.