முற்றத்துக்கு வந்த புதுக் கிரேந்தி

ஓணம் நெருங்கினால் எங்கள் திருவட்டாற்றுப் பக்கம் பெண்களுக்கு முற்றத்துச் செடிகள் மேல்தான் கண். தோவாளைச் சந்தையில் கிரேந்தி, அதாவது செண்டுமல்லி, விலை ஏறிவிடும். வீட்டிலேயே நாலு மூடு நின்றால் அத்தப்பூக் கோலத்துக்கு அது போதும்.

எங்கள் வீட்டுக் கிரேந்திக்கு என்னைவிட வயது கூடுதல். அம்மை காய்ந்த பூவைக் கசக்கி விதை எடுத்துத் தாளில் மடித்து அடுக்களைப் பரணில் செருகி வைப்பாள். கறுப்பு ஊசி போல விதை. ஒரு முனையில் வைக்கோல் நிறத்தில் சிறு குஞ்சம். இடவப்பாதி மழை கொஞ்சம் அடங்கினதும் தூவுவாள். "நாட்டுப்பூ இருக்கையிலே சீமைப்பூ எதுக்கு?" என்று வாலிபத்தில் நான் பலரிடம் வாதாடியிருக்கிறேன். நான் தலையில் தூக்கி வைத்த அந்தக் கிரேந்தி மெக்சிகோவிலிருந்து கப்பலேறி வந்தது. வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான். நம்மாழ்வார் எங்கள் ஆதிகேசவப் பெருமாளைப் பாடின காலத்தில் இந்த இரண்டு பூவும் இங்கே கிடையாது!

போன வருஷம் பேத்தி வீரிய ஒட்டு விதை ஒரு பாக்கெட் கொண்டுவந்தாள். "பாட்டா, பாதிப் பாத்தி எனக்கு."

"எடுத்துக்கோ மக்களே. மீதியிலே பழசு நிக்கட்டும்."

கன்று பிடித்து வளர்ந்ததும் நுனியைக் கிள்ளச் சொன்னேன். அவளுக்கு மனசே வரவில்லை. கிள்ளின இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் வெடித்த பிறகுதான் என்னோடு முகம் கொடுத்துப் பேசினாள்.

பூத்தது பாருங்கள், உள்ளங்கை நிறைய ஆரஞ்சுப் பந்து. அழகில் குறை சொல்ல வாய் வராது. ஆனால் ஆவணி மழை ஒன்று பெய்ததும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தலை கவிழ்ந்தது. இரண்டொன்று தண்டோடு முறிந்தது. பக்கத்திலே பழசு தண்ணீரை உதறிவிட்டு நின்றது. கமுகு அலகு சீவி முட்டுக் கொடுத்தோம்.

இரண்டையும் பிய்த்து அவளுக்குக் காட்டினேன். ஒரு பூ என்று நாம் சொல்வது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். பழசில் நடுவே மகரந்தமுள்ள குழல் பூக்கள் நெருங்கி நிற்கும். புதுசில் அவை பெரும்பாலும் இதழாகிப் போயிருந்தன. எடை போட்டு விற்கிறவனுக்கு அது லாபம். தேனீ பழைய மூட்டுக்கே போயிற்று.

புதுசிலும் விதை கொஞ்சம் கிடைத்தது. இந்த வருஷம் முளைத்ததில் ஒன்று மஞ்சள், ஒன்று செம்மண் நிறத்தில் ஒற்றையடுக்கு, இன்னொன்று இடுப்புயரம். வீரிய ஒட்டின் குணம் அடுத்த தலைமுறையில் இப்படித்தான் பிரிந்துபோகும். நிலையான விதை வேண்டுமென்றால் டெல்லி பூசா நிறுவனத்தின் பூசா நாரங்கி போல ஒன்றைத் தேட வேண்டும். பேத்திக்கு ஏமாற்றம். எனக்கு அந்தக் கலப்படக் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு.

பக்கத்து வீட்டு அக்காவுக்கோ அந்தச் செம்மண் நிறத்தின் மேல் ஆசை. நல்லதாக ஒரு பூவைப் பார்த்து வாழைநார் கட்டிவிட்டு, "இதை அத்தத்துக்குப் பறிச்சிராதீங்க, விதைக்கு நிக்கட்டும்" என்று எங்கள் முற்றத்தில் நின்று எங்களுக்கே உத்தரவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.